பிரிட்ஜுக்கு மேலே என் அலுவலகம்

என்னுடைய வேலை மேசைக்குள் எப்போதும் அரைக் கிலோ சூடை மீன் இருக்கும். சின்னவளின் காய்ச்சல் மருந்தும், முந்தின நாள் சொதியும், இரண்டு போத்தல் தண்ணீரும் இருக்கும். மேசை என்று நான் சொல்வது எங்கள் வீட்டுப் பிரிட்ஜை. குட்டையான ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் அது. மடிக்கணினியை அதன் தலையில் வைத்து, நின்றுகொண்டேதான் வேலை செய்வேன். ஏனென்றால் என் மகள்களின் கை எட்டாத தட்டையான இடம் வீட்டில் அது ஒன்றுதான். மூத்தவளுக்கு நான்கு வயது. கதிரையை இழுத்து வந்து ஏறத் தெரியும், ஆனால் ஏறப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுவாள். சின்னவளுக்கு ஒன்றரை வயது. அவள் எதையும் அறிவிப்பதில்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு காலில் தொங்குவாள். பிரிட்ஜ் உறுமத் தொடங்கும்போது மேலே மடிக்கணினி அதிரும், கீழே அவள் சிரிப்பாள், நடுவில் நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன்.

இதை இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன். வேலைக்கு விண்ணப்பித்தபோது எழுத முடியவில்லை. உங்கள் வேலையிடம் எப்படிப்பட்டது என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. ‘வீட்டில் அமைதியான தனி அலுவலக அறை உண்டு’ என்று நிரப்பினேன். நிரப்பிய அந்த நிமிடத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஊதல் கேட்டுச் சின்னவள் எழும்பி அழுதாள். அமைதி என்ற சொல்லை ஒருதரம் பார்த்தேன். பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்றால் எங்கோ இருப்பவருக்கு இணையம் வழியாக உதவியாளராக இருப்பது என்று எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருச் சனத்துக்கு, விளங்கவைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் அக்காதான் கடைசிவரை விடவில்லை.

“அப்ப உனக்கு வேலை தந்த மனுசி எங்க இருக்கிறா?”

“அவுஸ்திரேலியாவில அக்கா.”

“நீ எங்க இருக்கிறாய்?”

“இஞ்ச. உங்களுக்கு முன்னால.”

“அவவ நேர்ல கண்டனியா?”

“இல்லை.”

“அவ உன்னைக் கண்டவவா?”

“இல்லை அக்கா.”

“ரெண்டு பேரும் காணாமலே ஆளுக்காள் வேலை செய்யிறீங்க. நல்லாத்தான் இருக்கு. நான் தைச்சுக் குடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்திட்டு, எனக்கு முன்னால நிண்டுதான் எல்லாரும் பிழை சொல்லுறாளவை.”

அந்த மேடத்தின் தொழில் இன்னும் புதுமையானது. மற்றவர்களின் வீடுகளுக்குப் போய் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. அலுமாரி வழிகிறதா, குசினியில் கை வைக்க இடமில்லையா, அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, வேண்டியதை அடுக்கி, வேண்டாததைக் கழித்துவிட்டு வருவார். எந்த வீட்டுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, நாய் உள்ள வீடா, படிகள் உள்ள வீடா, இதையெல்லாம் அவருடைய நாட்காட்டியில் போட்டு, வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, நினைவுபடுத்தி வைப்பது நான். அவருக்குக் காலை ஒன்பது மணியாகும்போது எனக்கு நாலரை. ஆகவே பிள்ளைகள் எழும்புமுன்பே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, சின்னவள் காலில் தொங்கத் தொங்க நடக்கும்.

ஒருநாள் ஓர் அவுஸ்திரேலியப் பெண், முதலில் கராஜைச் செய்வதா உடுப்பு அலுமாரியைச் செய்வதா என்று கேட்டு எழுதியிருந்தார். கடைசி வரியில் தயவுசெய்து ஆலோசனை சொல்லவும் என்று இருந்தது. என்னிடம்! என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா எந்தக் கடதாசியிலும் பெருவிரலைத்தான் வைப்பார். அண்ணன்மார் இரண்டு பேரும் யுத்தகால இடப்பெயர்வோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். குடும்பத்தில் முதலில் ஓ.எல். எழுதியவள் நான், ஏ.எல். எழுதியவள் நான், பட்டம் வாங்கியவளும் நான்தான். பிள்ளைகள் பிறந்து வீட்டில் இருந்தபோது, ‘இவ்வளவு படிச்சு என்ன, சோறுதானே ஆக்கிறாய்’ என்று சொன்னவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்குப் பாடம். அந்த முகங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைத்து, ‘அம்மணி, முதலில் உடுப்பு அலுமாரியைச் செய்யுங்கள்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுக் குசினிக்கும் வாசலுக்குமாக நாலு தரம் நடந்தேன்.

ஆனால் வேலை இன்னும் என் கையில் இல்லை. முதல் ஒரு மாதம் சோதனை மாதம். அது முடிந்தபிறகுதான் என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று மேடம் சொல்வார். இது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். ஒழுங்கைக்கு நான் சொல்லியிருந்தது நிரந்தர வேலை என்று. அந்தக் கட்டத்தில் பொய்யை நிரப்பிய கைதானே, வாய் சும்மா இருக்குமா?

கடைசி வாரத் திங்கட்கிழமை மேடம் எழுதினார். ‘வெள்ளிக்கிழமை காணொளியில் முகம் பார்த்துப் பேசலாம். அன்றே என் முடிவைச் சொல்கிறேன். இன்னொன்று: என்னோடு வேலை செய்பவர்களின் மேசைகளைப் படமெடுத்து என் இணையப் பக்கத்தில் போட ஆசை. உங்கள் அலுவலக அறையையும் காட்டுங்கள்.’

என் கணவர் துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் படகில் வேலை செய்பவர். அவர் வேலையால் வந்து சேர்ட்டைக் கழற்றுமுன்பே கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப பிரிட்ஜைக் காட்டன். அதுக்கு மேலதானே எல்லாம் நடக்குது.”

“விசர்க் கதை கதைக்காதீங்க. தனி அறை எண்டு எழுதிப்போட்டன்.”

“எந்த அறை?”

“அதத்தான் யோசிக்கிறன்.”

“இவ்வளவு காலம் இந்த வீட்டிலதான் நானும் இருக்கிறன். எனக்குச் சொல்லாம அறை கட்டிப்போட்டியா?”

சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீர் புரையேறியது அவருக்கு. ஆனால் மறுநாளே நைலோன் கயிறும் ஆணியும் கொண்டுவந்தார்.

முன் கூடத்தின் மூலையில், குசினிக்குப் போகும் பக்கமாக, நாலடிக்கு ஒரு அறை கட்டினோம். சுவர் என்பது அக்கா யாரோ வீட்டு வாசலுக்குத் தைத்து வைத்திருந்த வெண்ணெய் நிறத் திரைச்சீலை. மேசை அக்காவின் தையல் மெசின் மேசை. மெசினைக் கழற்றித் தந்தார். செடி முன்வீட்டு ஐயாவின் குரோட்டன். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் ஆடுகளைப்போலத் திரியும். நல்ல செடி வைத்திருப்பவர்கள் கம்பிவலைக்குள்தான் வைத்திருப்பார்கள். ஐயா கூட்டைத் திறந்து செடியை என் கையில் தந்தபோது, பெண் பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். எல்லோரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு போட்டோ எடுக்கவேணும். சோதனை மாதத்தைப் பற்றியோ வெள்ளிக்கிழமை மேடம் பேசப்போவதைப் பற்றியோ மூச்சு விடவில்லை.

திரைக்கு முன்னால் மேசை, செடி, என் பட்டச் சான்றிதழ். திரைக்குப் பின்னால் மீதி வீடு. மடிக்காத உடுப்புகள், சில்லுக் குதிரை, வாளிகள், குடை, கத்தும் ரப்பர் வாத்து, உரலின் மேல் தலையணைகள், எல்லாவற்றையும் குசினிக் கதவுவரை தள்ளி அடைத்தோம்.

வெள்ளிக்கிழமை என் கணவர் லீவு போட்டார். பிள்ளைகள் இருவரையும் மோட்டார் சைக்கிளில் தம்பலகாமத்துக்கு, தன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. உடுப்புப் பையை முன்னால் வைத்து, சின்னவளைத் துணியால் தன்னோடு கட்டி, மூத்தவளைப் பின்னால் ஏற்றினார். மூத்தவள் ஒழுங்கை முழுக்கக் கேட்க, “அம்மா ஏன் வரேல்ல? அம்மா வேண்டாமா?” என்று கத்தினாள். “வாய மூடிக்கொண்டு போ!” என்று நானும் கத்தினேன். மோட்டார் சைக்கிள் போனது. நான் உள்ளே வந்து முன்கதவைப் பூட்டி, ஜன்னல்களையும் அடித்துச் சாத்தினேன்.

எங்கள் ஒழுங்கையில் பகலில் முன்கதவு திறந்துதான் இருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். ஆள் உள்ளே இருக்கக் கதவு மூடியிருந்தால் அதற்கு இரண்டே காரணம். ஒன்று, படுக்கையால் எழும்ப ஏலாத கடும் வருத்தம். மற்றது, வெளியே சொல்ல ஏலாத சண்டை. பிறந்த நாளிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்று எனக்கு ஊர் நினைவில் இல்லை. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே வீட்டுப் பாவாடை, தலையில் வழவழவென்று எண்ணெய். அவுஸ்திரேலியாவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

எட்டரைக்கு மேடத்தின் முகம் வந்தது. நரைத்த குட்டை முடி, மூக்கில் கண்ணாடி, பின்னால் கோடு பிடித்ததுபோல அடுக்கிய பெட்டிகள். என் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறதென்றார். என் கடிதங்களில் ஒரு மரியாதை இருக்கிறதென்றார். உங்கள் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே மிதப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

“யாராவது வந்திருக்கிறார்களா?” என்றார் மேடம்.

“தபால்காரராக இருக்கும்,” என்றேன்.

தபால்காரர் அக்காவின் குரலில் பேசினார். “தங்கச்சி! கதவத் திற. ஒண்டும் யோசிக்காத. நாங்க இருக்கிறம்.”

பின்னால் வேறு குரல்கள்.

“ரெண்டு பிள்ளையளையும் கொண்டு போயிட்டானாம்.”

“உடுப்புப் பையோட போனவன். என்ர கண்ணால கண்டனான்.”

“மூத்தது அம்மா வேணும் எண்டு கத்திக் கத்திப் போனது. கல்லும் கரையும்.”

“செவ்வாய்க்கிழமையே சாமான் இழுக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள்ள மறைப்புக் கட்டியிருக்கு. வேற வேறயாச் சமைக்கப்போகினமாக்கும்.”

“போட்டோ எண்டு எனக்குப் பொய் சொன்னவள்,” என்றார் அக்கா. “பாவம், வெளியில சொல்ல ஏலாதுதானே.”

மேடம் ஏதோ வரப்போகும் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே சத்தம் நின்றது. அப்பாடா, போய்விட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் குசினியின் பின்கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரு கயிறுதான் கொளுவியிருக்கும் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர்களுக்கு வந்தது.

முதலில் ரப்பர் வாத்து கத்தியது. பிறகு சில்லுக் குதிரை உருளும் சத்தம். பிறகு முன்வீட்டு ஐயா, “ஐயோ பிடியுங்கோ!” என்றார். பிடிப்பதற்கு அவர் கைக்கு அகப்பட்டது திரைச்சீலை. நைலோன் கயிறு அறுந்து, ஆணி பறந்து, என் அலுவலகச் சுவர் முழுவதும் ஐயாவின் தலையில் விழுந்தது. நான் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். மேடத்தின் படத்துக்குக் கீழே சின்னக் கட்டத்தில் நான். எனக்குப் பின்னால் வெண்ணெய் நிறத் துணிக்குள் துழாவும் ஓர் உருவம், அதற்குப் பின்னால் ஆறு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் மலையாக எங்கள் வீட்டுச் சாமான்கள். அக்காவின் கையில் ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணீர். இவ்வளவுக்கும் அதில் ஒரு துளிகூடச் சிந்தியிருக்கவில்லை.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். “அழு தங்கச்சி. நல்லா அழு.”

“நான் அழேல்ல அக்கா! வேலையில இருக்கிறன்!”

“இந்த நேரத்திலயும் வேலையா? ஆர் இந்த மனுசி?”

“இவதான் மேடம்.”

“ஐயோ, இவவா?” அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்தார். “வணக்கம் மேடம்!” ஆறு பெண்களும் வணக்கம் சொன்னார்கள். ஐயா துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பற்காரர்களோடு பழகிய ஆங்கிலம் அவருடையது. நிமிர்ந்து நின்று, நிலைமையைத் தானே விளக்கிவிட முடிவு செய்தார்.

“குட் மோனிங் மேடம். ஹஸ்பண்ட் கோன். டூ சில்ட்ரன் ஓல்சோ கோன். பட் டோன்ட் வொறி. வீ ஆர் ஹியர்.”

மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது. எனக்கு ஒன்று விளங்கியது: இதற்கு மேலே இன்னொரு பொய் வைக்க இடமில்லை. முழுவதையும் சொன்னேன். கணவர் எங்கும் ஓடவில்லை, இந்தப் பேச்சுக்காகத்தான் பிள்ளைகளைக் கொண்டுபோனார். எங்கள் ஒழுங்கையில் மூடிய கதவுக்கு என்ன அர்த்தம் என்றேன். கடைசியில், அலுவலக அறை என்று ஒன்று இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்றேன். சொல்லும்போது காது சுட்டது.

“அப்படியானால் இந்த ஒரு மாதமும் எங்கிருந்து வேலை செய்தீர்கள்?”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிரிட்ஜின் மேல் வைத்தேன். காமெராவைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டினேன். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் அரிசி டின், கீழே மகள் பிடித்துத் தொங்கியதால் கழன்ற கைப்பிடி. மேடம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“நான் புது வீடுகளுக்குப் போகும்போது, எல்லோரும் முன்கூடத்தை மட்டும் சுத்தமாக்கி வைத்திருப்பார்கள்,” என்றார். “அலங்கோலம் முழுவதையும் ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் முதலில் அந்தக் கதவைத்தான் திறப்பேன். என்னிடம் வேலை செய்பவரே அப்படிச் செய்தால் நான் என்ன செய்வது? திங்கட்கிழமை சொல்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை. திரை கறுத்தது.

மேடத்திடம் உண்மை சொன்னது சுலபம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒழுங்கையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நிரந்தர வேலை என்றது பொய், சோதனை மாதம், அதன் கடைசி நாள் இன்று என்றேன். அக்காவின் கையிலிருந்த கோப்பை இப்போதுதான் ஆடியது.

“அப்ப நாங்க வந்துதான் உன்ர வேலை போச்சா?”

“இன்னும் போகேல்ல அக்கா.”

“போகேல்ல எண்டும் சொல்லேல்லயே!”

பின்னேரம் என் கணவர் ஒழுங்கைக்குள் வந்தபோது, மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் விடாமல் அக்கம்பக்கப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நான் விளக்கிச் சொன்ன எதையும் ஐயா நம்பவில்லைபோல. என் கணவரின் தோளில் கை வைத்து, “தம்பி, பிள்ளையளோட திரும்பி வந்திட்டாய். சந்தோசம். இனிமேல் கோவம் வந்தா முதல்ல என்னட்ட வா, நாங்க கதைச்சுத் தீர்ப்பம்,” என்றார். என் கணவர் ஒரு மாதிரியாக “ஓம் ஐயா” என்றுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனியும் ஞாயிறும் என் வீட்டில் அடுப்பு மூட்டவே விடவில்லை. இந்தப் பக்கத்தால் நண்டுக்கறி, அந்தப் பக்கத்தால் பிட்டு. மேடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று ஐயா இரண்டு தரம் வந்தார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். பாத்திரத்தைத் தந்துவிட்டு மெல்லக் கேட்பார்கள்: “ஏதும் வந்ததா?” “இல்லை.” “வரும், வரும்.” வந்தால் நல்லதாக வரவேண்டுமே என்றுதான் நான் மடிக்கணினியைத் திறந்து திறந்து மூடினேன். ‘சோறுதானே ஆக்கிறாய்’ என்ற முகங்கள் வரிசை கலையாமல் அப்படியே நின்றன.

திங்கட்கிழமை நாலரைக்கு மடிக்கணினியைத் திறந்தேன். கடிதம் இல்லை. ஐந்துக்கு இல்லை. ஆறரைக்குப் பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள். ஒன்றும் செய்யத் தோன்றாமல், வழக்கமான வேலையையாவது பார்ப்போம் என்று மேடத்தின் நாட்காட்டியைத் திறந்தேன். அன்றைய கட்டத்தில் நான் போடாத ஒன்று கிடந்தது. வாராந்தப் பேச்சு என்று இருந்தது, அதன் பக்கத்தில் என் பெயர். ஒரு மாதமாக ஆயிரம் ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் நான் எழுதிய நாட்காட்டியில் என் பெயரைக் கண்டது அதுதான் முதல் தரம். அழுத்தித் திறந்தேன். ஒவ்வொரு திங்களும் என்று இருந்தது. முடியும் நாள் என்ற இடத்தில், இல்லை என்று இருந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘பிரிட்ஜின் வலப்பக்கத்து அரிசி டின்னை எடுத்துவிடுங்கள், முழங்கைக்கு இடம் வேண்டும். உங்கள் மேசையின் படத்தை அதற்குப் பிறகு அனுப்புங்கள். கதவைத் திறந்து வைத்தே எடுங்கள்.’

நான் போட்ட சத்தத்தில் மூத்தவளும் கூவினாள், ஏன் என்று தெரியாமலே. சின்னவள் கைதட்டினாள். மூன்று பேரும் குசினியில் குதித்தோம். குதித்துக் களைத்து, ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினேன். அழுத்தியது பட்டதோ இல்லையோ என்று சந்தேகம் வந்து திரும்பத் திறந்து பார்த்தேன். பட்டிருந்தது. இன்னொரு தரமும் பார்த்தேன். பிறகு அரிசி டின்னைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அன்று காத்திருந்த எட்டு வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் எழுதினேன். எட்டாவதை அனுப்பியபோதுதான் கவனித்தேன், நான் இன்னும் பல்லே தீட்டவில்லை.